சரடு கட்டிய பாராசூட்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமானது இல்லை. பக்கத்து ஃபிளாட் சூர்யநாராயணன் என்னிடம் சொல்லிவிட்டு, யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்ட விஷயம். கதை எழுதுகிறவனிடம் போய் அப்படிக் கேட்கலாமா? கேட்டுவிட்டார். நானும் தலையை ஆட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து முதல் வரியை எழுதினேன்.

‘ராக்கெட் மேலே போனபோது ஸ்ரீவித்யா கண்ணை மூடிக்கொண்டாள்.’

பொய். அவள் மூடவில்லை. மூடியது நான். அடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன்.

‘கிழக்குத் தாம்பரத்தில் இதமான ஒரு மாலை வேளையில்’

எனக்கே கொட்டாவி வந்துவிட்டது. நேராகவே சொல்லிவிடுகிறேன். சூர்யநாராயணனுக்கும் ஸ்ரீவித்யாவுக்கும் ஒரே பெண், ஹர்ஷா. காட்டாங்குளத்தூரில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டு ஹாஸ்டலில் இருந்தாள். போன மார்ச்சில், காரடையான் நோன்புக்கு வீட்டுக்கு வந்தே ஆகவேண்டும் என்று அம்மா போனில் வற்புறுத்தினாள். பெண் ஸ்கூட்டியில் கிளம்பினாள். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு லாரி. வீடு வந்து சேரவில்லை.

[இங்கே அந்த விபத்தைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. நன்றாக வந்திருந்தது. அதனாலேயே எடுத்துவிட்டேன்.]

2

ஹாஸ்டல் அறையிலிருந்து வந்த சாமான்களில் ஒரு மாடல் ராக்கெட் கிட் இருந்தது. அட்டைக் குழல், மெல்லிய மரத்தில் வால் இறக்கைகள், பிளாஸ்டிக் மூக்கு, ஆரஞ்சு நிறத்தில் சின்னப் பாராசூட். ஹர்ஷா பாதி ஒட்டிவைத்திருந்தாள். ஒரே ஒரு இறக்கை பாக்கி. அதை அப்பாவும் அம்மாவும் சேர்ந்து ஒட்டினார்கள். கோந்து காயும்வரை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பெண் போனபிறகு அவர்கள் அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சூர்யநாராயணன் பாத்திரம்தான் எனக்குப் பிடிபடவில்லை. சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. மற்றவர்கள் எழுதியதில் தப்புக் கண்டுபிடிப்பதற்குத்தான் சம்பளம். வீட்டுக்கு வந்தும் அதே வேலைதான். லிஃப்ட்டில், சாம்பாரில், என் கதைகளில் எதிலும் ஒரு தப்பு அவர் கண்ணில் படாமல் போகாது. இப்படிப்பட்ட மனுஷன் ராக்கெட் விட்ட அன்று செய்ததை வாசகர் நம்புவாரா? எனக்கே சந்தேகம். ஆனால் செய்தார்.

3

படப்பை தாண்டி ஒரு தரிசு வயலுக்கு என் காரில் போனோம்.* ராக்கெட் எப்படி வேலை செய்யும் என்று வழியெல்லாம் சூர்யநாராயணன் சொல்லிக்கொண்டு வந்தார். மோட்டார் எரிந்து ராக்கெட் மேலே போகும். உச்சிக்குப் போனதும் உள்ளே சின்னதாக ஒரு வெடி. அது மூக்கைக் கழற்றித் தள்ளும், பாராசூட் வெளியே வந்து விரியும். பிறகு மெதுவாக இறங்கும்.

“மெதுவா இறங்கணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்,” என்றாள் ஸ்ரீவித்யா, பின் ஸீட்டிலிருந்து.

 

பாராசூட்டை மடித்தவள் அவள்தான். பட்டுப்புடவைக்குக் கொசுவம் வைப்பதுபோல அத்தனை நறுவிசாக மடித்தாள். சூர்யநாராயணன் அதை வாங்கிக் குழலில் வைத்தார். வைக்கும்போது ஒரு கணம் நின்றார். பிறகு மூக்கைப் பொருத்திவிட்டார்.

ராக்கெட் போனது. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. உச்சியில் ‘டப்’பென்று சத்தம் கேட்டது. மூக்கு கழன்றது. பாராசூட் விரியவில்லை. கல் மாதிரி வந்து விழுந்தது.

ஸ்ரீவித்யா முந்தானையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். சூர்யநாராயணன் ஓடினார். அவருக்கு முழங்கால் வலி உண்டு. அந்த மாதிரி அவர் ஓடி நான் பார்த்ததில்லை.

“மோட்டார்ல கோளாறு ஸ்ரீ. வெடி சரியா வெடிக்கலை,” என்றார், அவள் வந்து சேர்ந்ததும்.

“நான் கட்டினது எங்கே?”

“எரிஞ்சுபோச்சும்மா.”

* தாம்பரத்திலேயே விட்டிருக்கலாமே என்பவர்களுக்கு: விமானப்படைத் தளத்துக்குப் பக்கத்தில் ராக்கெட் விட்டால், இந்தக் கதையைப் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்து எழுத வேண்டியிருக்கும்.

4

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் அவர் என்னிடம் சொன்னது இது.

நோன்பன்று பெண்கள் கழுத்தில் மஞ்சள் சரடு கட்டிக்கொள்வார்கள். கல்யாணமாகாத பெண்களுக்கும் உண்டு. ஹர்ஷாவுக்கென்று நடுவில் பூ வைத்துக் கட்டிய சரடு அன்றிலிருந்து சுவாமி அலமாரியிலேயே இருந்தது. அதைத்தான் மடித்த பாராசூட்டைச் சுற்றி ஸ்ரீவித்யா கட்டியிருந்தாள். கெட்டியாக, முடிச்சுப் போட்டு. பாராசூட்டைத் தளர்வாக வைக்கவும் என்று கிட்டோடு வந்த தாளில் இருந்தது. எதையும் சுற்றிக் கட்டாதீர்கள் என்று இல்லை. அதை எழுதியவர் வீட்டில் நோன்பு கிடையாதுபோல.

“பார்த்த உடனே தெரிஞ்சுடுத்து சார். இது விரியாது. அவுக்க ஒரு நிமிஷம் ஆகாது.”

“அவுத்திருக்கலாமே?”

“ஹர்ஷா கழுத்துல ஏற வேண்டியது சார் அது. கட்டினதை நான் எப்படி அவுப்பேன்?”

 பிறகு ஆபீஸ் அடையாள அட்டையின் உறைக்குள்ளிருந்து அந்தச் சரடை எடுத்துக் காட்டினார். ஸ்ரீவித்யா வருவதற்குள், வயலில் மண்டியிட்டு, பல்லால் கடித்து அவிழ்த்திருக்கிறார்.

“ஏற்கெனவே, ‘நான் நோன்புக்குக் கூப்பிடாம இருந்தா ஹர்ஷா இருந்திருப்பாளே’ன்னு ஸ்ரீ தினம் அழறா. இதுவும் உன்னாலதான்னு எந்த வாயால சொல்றது? யார்ட்டயும் சொல்லாதீங்கோ சார்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை.

5

முடிவுகள்.

அ) வெடியின் சூட்டில் சரடு அறுந்து, பாராசூட் விரிந்து, ஆரஞ்சுப் பூ மாதிரி. . . [வேண்டாம். நடக்காததை எழுதினால் ஹர்ஷாவையும் பிழைக்கவைக்கத் தோன்றும்.]

ஆ) சூர்யநாராயணன் வயலிலேயே சொல்லிவிடுகிறார். அவள் சிரித்துக்கொண்டே சரடை அவிழ்த்து. . . [இந்த ஸ்ரீவித்யா எனக்குத் தெரிந்தவள் இல்லை.]

இ) அவளுக்கு எதுவுமே தெரியாமல் காலம் ஓடுகிறது.

மூன்றாவதை வைத்துக்கொண்டு முடித்துவிடலாம் என்றிருந்தேன். அப்போது அழைப்பு மணி அடித்தது.

6

ஸ்ரீவித்யா வந்திருக்கிறாள். நான் ராக்கெட்டைப் பற்றி எழுதுகிறேன் என்று என் மனைவி லோகநாயகி உளறியிருக்கிறாள்.

“சார், எழுதினதைக் குடுங்கோ, படிக்கறேன்.”

“இன்னும் முடியலைம்மா.”

“அது ஏன் விழுந்ததுன்னு எழுதியாச்சா?”

நான் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டேன்.

“இவர் மோட்டார் கோளாறுங்கறார். ஒரு தப்பு எங்கேன்னு கண்டுபிடிக்காம சாப்பிடக்கூட உக்காரமாட்டார். இதை மட்டும் அப்படியே விட்டுட்டார். அப்போ தெரிஞ்சுதானே விட்டிருக்கார்?” உட்கார்ந்தாள். “ஹர்ஷா விஷயத்துல எல்லாரும் என் தப்புன்னு மனசுல வெச்சிண்டு, என் மூஞ்சியப் பார்த்து அதைச் சொல்லமாட்டேங்கறா. ‘உன் தப்பில்லை, உன் தப்பில்லை’ன்னு ஒரே பாட்டு. இதையாவது யாராவது எங்கிட்ட உள்ளபடி சொல்லுங்கோ சார்.”

பிரிண்ட் எடுத்து வருகிறேன் என்று உள்ளே வந்துவிட்டேன். இரண்டு பிரதிகள் எடுத்தேன். ஒன்றில் நான்காம் பகுதி இருக்கிறது. இன்னொன்றில் அதை எடுத்துவிட்டேன், மற்ற பகுதிகளையும் அதற்கேற்றாற்போலத் திருத்திவிட்டேன். இரண்டும் கதையாக நிற்கத்தான் செய்கின்றன. அவர் கேட்டதையும் அவள் கேட்டதையும் நீங்கள் கேட்டாகிவிட்டது. எனக்கு இதற்குமேல் எழுத வரவில்லை.

எதை எடுத்துக்கொண்டு போகட்டும்? கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். ஹாலில் அவள் படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.