ஏ செக்‌ஷன் பெரியப்பா

பள்ளி திறந்த மூன்றாம் நாள், முதல் மணி அடித்து ஏழு நிமிடம் கழித்து, கணக்கு வாத்தியார் விஜயராகவன் ஒன்பதாம் வகுப்புக்குப் படிவம் கொடுத்தார். பெயர், முகவரி, பெற்றோர் தொழில். அதை வைத்துத்தான் பிள்ளைகளை ஏ, பி என்று பிரிப்பார். பரீட்சை கிரீட்சை ஒன்றும் கிடையாது. பி செக்‌ஷனுக்குப் பாஸாகிற அளவுக்குக் கணக்கு. ஏ செக்‌ஷனுக்கு முழுப் புத்தகம். பதினொன்றாம் வகுப்பில் கணக்கு குரூப் வேண்டுமென்றால் ஏ-யில் இருந்தாக வேண்டும்.

பூவிழிக்கு அந்த குரூப் வேண்டும். அவள் அப்பா கொளஞ்சிக்கு மேட்டுப்பாளையம் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் லோடு ஏற்றும் வேலை. அதை எழுதினால் எங்கே போய் உட்கார வேண்டும் என்பது தெரிந்ததுதான். புதிதாகச் சேர்ந்தவள், வீட்டைப் பற்றி அங்கே யாருக்கும் தெரியாது. அப்பாவை ஓரமாக நகர்த்திவிட்டுப் பெரியப்பாவை எழுதினாள். கார்டியன்: அம்மாவாசை, நெல்லித்தோப்பு. பிரெஞ்சு ராணுவம், ஓய்வு.

பிரெஞ்சுக்காரர் ஆண்ட அந்த ஊரில் பிரெஞ்சு ராணுவத்துச் சிப்பாய்க்குச் சொல்தா என்று பெயர். சொல்தா வீட்டுப் பிள்ளை, பிரான்சிலிருந்து பென்ஷன் வருகிற குடும்பம். மறுநாளே ஏ-யில் முதல் பெஞ்சு.

அங்கே கையைத் தூக்கினால் சார் பார்த்தார். தப்பாகப் போட்டால், அவசரப்படாதே என்றார். அதே தப்புக்கு அவரே பி-யில் களிமண் என்று கத்துவது சுவரைத் தாண்டிக் கேட்கும். சந்தேகம் கேட்டால் மெச்சினார். அவளும் கேட்டுத் தள்ளினாள். அரையாண்டில் தொண்ணூற்று நான்கு. ராணுவ ரத்தம் சும்மா போகுமா என்று வகுப்பையே கைதட்டச் சொன்னார்.

அந்தப் பூரிப்பில், ஆண்டு விழாவுக்கு அம்மாவாசையைத் தலைமை தாங்க அழைக்கப் பொன்னாடையோடு நெல்லித்தோப்புக்குக் கிளம்பிவிட்டார். படிவத்திலிருந்த முகவரியில் இஸ்திரி வண்டி நின்றது. அம்மாவாசை பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, பிரான்சா, நான் சென்னைக்கே ஒரு தடவைதான் போனேன், அதுவும் கண் ஆஸ்பத்திரிக்கு என்றார். பொன்னாடையைத் தடவிப் பார்த்து, இது சூடு தாங்காது, மேலே துணி போட்டுத்தான் தேய்க்கணும் என்றும் சொன்னாராம்.

மறுநாள் சார் ஆசிரியர் அறைக்குப் பூவிழியை வரவழைத்தார்.

"உங்க பெரியப்பா எந்த ராணுவத்துலம்மா இருந்தாரு?"

"ராணுவத்துல இல்ல சார். சொல்தாங்க கோட்டெல்லாம் அவருதான் தேய்ப்பாரு."

அறையில் யாரோ இருமலை அடக்கினார்கள். சார் பி செக்‌ஷன் பதிவேட்டை இழுத்து, கடைசியில் அவள் பெயரை எழுதினார். பையை எடுத்துக்கொண்டு இப்போதே அங்கே போகச் சொன்னார்.

பூவிழி நகரவில்லை. மடித்துக் கொண்டுவந்திருந்த அரையாண்டு விடைத்தாளைப் பிரித்து அவர் முன்னால் மேசைமேல் வைத்தாள். சிவப்பு மையில் அவர் கையெழுத்து.

"இந்தத் தொண்ணூத்தி நால அப்படியே எடுத்துக்குனு போவட்டுமா சார், இல்ல பி-க்கு ஏத்தாப்புல கொறச்சுக் குடுப்பீங்களா?"