தேடிப் பார்க்கப்பட்டது

காலை பத்தரை மணிக்குப் பதிவறை எழுத்தர் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, முதல் வேலையாகப் பத்துச் சீட்டுகளில் தேதி போட்டுக் கையெழுத்திடுவார். நீதிமன்றத்துப் பழைய வழக்குகளின் நகல் கேட்டு வருகிறவர்களுக்கான சீட்டு அது. அதில் அச்சடித்திருந்த வாசகம் இதுதான்: ‘பதிவறையில் தேடிப் பார்க்கப்பட்டது. வழக்குக் கட்டு கிடைக்கவில்லை.’ பெயரையும் வழக்கு எண்ணையும் எழுதுவதற்கு மட்டும் இடம் விட்டிருக்கும். யார் வரப்போகிறார்கள், எந்த வழக்கைக் கேட்கப்போகிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது?

அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த கதவைத் திறந்தால் முப்பது வருஷத்து வழக்குகள். கூரை வரை இரும்பு அலமாரிகள், ஓர் ஏணி, ஏறியவனுக்கு நிச்சயம் தும்மல். ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகிக் கட்டுகளையெல்லாம் இடம் மாற்றிக் குவித்தபோது, நிஜமாகவே எதைத் தேடினாலும் கிடைக்கவில்லை. அப்போது அச்சடித்த சீட்டுகள் அவை. அடுத்த வருஷமே எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கியாயிற்று. சீட்டுகள் தீரவில்லை, பழக்கமும் தீரவில்லை.

அலுவலகத்தில் அவருக்கு ‘இல்லை ஐயா’ என்று பட்டப்பெயர். அதை அவர் கண்டுகொள்வதில்லை. இருபத்தாறு வருஷத்தில் யாரிடமும் ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை என்பதில்தான் அவருக்குப் பெருமை. “இந்தக் கை யார்கிட்டயும் நீண்டதில்ல” என்று வாரத்துக்கு ஒரு முறையாவது சொல்லிவிடுவார். கை நீளாததென்னவோ உண்மைதான். அலமாரிப் பக்கமும் அது நீளவில்லை.

அன்று முதலில் வந்தவர் ஒரு வேன் ஓட்டுநர். நாற்பத்தைந்து வயதிருக்கும். மடிப்புக் கலையாத சட்டை போட்டிருந்தார். மனுவை இரண்டு கையாலும் நீட்டினார்.

“சார், பதினோரு வருஷத்துக்கு முந்தி என் மேல ஒரு விபத்து கேஸ். விடுதலை ஆயிட்டேன். இப்ப ஒரு பள்ளிக்கூடத்துல டிரைவர் வேலை கிடைச்சிருக்கு. ஆனா கேஸ் இருந்துச்சுன்னு போலீஸ்ல எழுதி அனுப்பிட்டாங்க. தீர்ப்பு நகல் காட்டினாத்தான் சேத்துப்பாங்களாம். நாளைக்குக் காலையில பத்து மணி வரைக்கும்தான் டைம். அதுக்கப்புறம் வேற ஆளைக் கூப்பிட்டுருவாங்க.”

“உக்காருங்க, பாக்கறேன்” என்றார் எழுத்தர். உள்ளே போனார். மின்விசிறிக்கு அடியில் ஐந்து நிமிஷம் நின்றார். தண்ணீர் குடித்தார். தூசி தட்டுகிறவர் போலக் கையைத் தட்டிக்கொண்டே வெளியே வந்தார்.

“கிடைக்கலைங்க.”

மேலே கிடந்த சீட்டை எடுத்துப் பெயரை எழுதிக் கொடுத்தார். ஓட்டுநர் அதை வாங்கிக்கொண்டு வாசல் வரை போனார். அங்கேயே நின்று படித்தார். திரும்பி வந்தார்.

“சார், தப்பா நினைச்சுக்காதீங்க. இதுல நேத்து தேதி போட்டிருக்கு. நான் மனு குடுத்தது இன்னைக்குத்தானே? பள்ளிக்கூடத்துல கேப்பாங்க. கொஞ்சம் மாத்திக் குடுத்தீங்கன்னா...”

நேற்று மிஞ்சிய சீட்டு ஒன்று புதியவற்றோடு கலந்து கிடந்திருக்கிறது. இன்றைக்கு வந்த மனிதருக்காக நேற்றே தேடி முடித்துவிட்டார் எழுத்தர். பக்கத்து மேசைத் தட்டச்சர் அம்மா தட்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். தேதியைத் திருத்தப் பேனாவை எடுத்த எழுத்தர், திருத்தாமல் மூடி வைத்தார்.

“தீர்ப்பு சொன்ன தேதி ஞாபகம் இருக்கா?”

கட்டுகளைத் தீர்ப்பான வருஷப்படிதான் அடுக்குவார்கள். ஓட்டுநர் மனுவில் எழுதியிருந்தது வழக்குப் போட்ட வருஷத்தை. பதிவறைக்காரர் கேட்க வேண்டிய முதல் கேள்வி அது. அவர் அதைக் கேட்டே பல வருஷம் ஆகியிருந்தது.

“மறக்குமா சார்? பெரியவளைப் பள்ளிக்கூடத்துல சேத்த மறுநாள்” என்று தேதியையும் கிழமையையும் சொன்னார் ஓட்டுநர். வழக்கு நடந்தது நாலு வருஷம்.

எழுத்தர் மறுபடி உள்ளே போனார். இந்த முறை ஏணி நகரும் சத்தமும் வரிசையாகத் தும்மலும் வெளியே கேட்டன. இருபதே நிமிஷம். தலையெல்லாம் தூசியோடு கட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

தாள் பழுப்பேறி மை மங்கியிருந்ததால் நகல் இயந்திரத்தில் போட்டால் கறுப்புக் கறையாகத்தான் வந்தது. தட்டச்சர் அம்மா சாப்பாட்டு நேரத்தையும் விட்டுக்கொடுத்து ஆறு பக்கத்தையும் அடித்து முடித்தார். அடித்த நகலை ஒப்பிட வேண்டும் என்பது விதி. ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க, மற்றவர் நகலில் விரல் வைத்துச் சரிபார்ப்பார். மாலை மூன்றரைக்கு எழுத்தர் படிக்க ஆரம்பித்தார். ஓட்டுநர் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

“வண்டியின் பிரேக் நல்ல நிலையில் இருந்ததாகச் சோதனை அதிகாரி சான்று அளித்துள்ளார். ஆனால் குறுக்கு விசாரணையில், தாம் வண்டியை நேரில் பார்க்கவே இல்லை என்று அவர் ஒப்புக்கொண்டார். பார்க்காமலேயே பார்த்ததாக எழுதிய அந்த ஒரு வரியால் இவர் நான்கு ஆண்டுகள்...”

எழுத்தர் படிப்பதை நிறுத்திவிட்டார்.

“மேல படிங்கண்ணே. எழுத்து தெரியலையா?” என்றார் தட்டச்சர் அம்மா.

“தெரியுதும்மா. நல்லாவே தெரியுது.”

மீதியைப் படித்து முடித்தார். தலைமை எழுத்தரின் கையெழுத்தையும் முத்திரையையும் தாமே போய் வாங்கி வந்து ஓட்டுநரிடம் கொடுத்தார். கொடுத்த பிறகும் அவரால் சும்மா இருக்க முடியவில்லை.

“காலையில நான் தேடவே இல்லைங்க. உள்ள போய் ஃபேனுக்கு அடியில நின்னுட்டு வந்தேன்.”

“தெரியும் சார்” என்றார் ஓட்டுநர், தாளைப் பத்திரமாக உறைக்குள் வைத்தபடி. “தேதியைப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. நாலு வருஷம் கோர்ட்டுக்கு நடந்தவனுக்குத் தேதி பாக்கத் தெரியாதா?”

“அப்புறம் ஏன் சத்தம் போடலை?”

“சத்தம் போட்டா வெளிய போகச் சொல்லியிருப்பீங்க. நீங்க காசு கேட்டிருந்தாலாவது புகார் எழுதிப் போட்டிருப்பேன். தேடாமலே தேடினேன்னு எழுதினா, அதை யார்கிட்ட சார் போய்ச் சொல்றது?”

வணக்கம் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். எழுத்தர் திரும்பித் தட்டச்சர் அம்மாவிடம் சொன்னார்:

“கை நீட்டலைங்கறதையே நேர்மைன்னு நினைச்சுட்டு இருந்தேன்மா. செய்யாத வேலையைச் செஞ்சேன்னு எழுதறதும் திருட்டுதான். லஞ்சம் வாங்கறவனாவது பணத்தோட விடறான். நான் அந்த மனுஷனோட பிழைப்பையே பிடுங்கப் பாத்தேனே!”

தட்டச்சர் அம்மா, அந்த மாதம் ‘இல்லை’ என்று திருப்பியனுப்பிய மனுக்களின் கோப்பை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

“நாப்பத்தொண்ணு இருக்குண்ணே. இதுல எல்லாம் தேதி சரியா இருக்கு. அதான் யாரும் திரும்பி வரலை.”