கட்டி வைத்த தலைப்பு

வெற்றிலைத் தாம்பாளத்தின் மேல் தங்கபாண்டி ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்து வைத்தார். நான்கு வரிச் செய்திதான். ஓரங்களைச் சீராக வெட்டி, பிளாஸ்டிக் உறை போட்டு, சட்டைப் பையிலேயே வைத்திருந்தார்.

"மொத மருமவ செத்து நாலு மாசம் ஆவுது. எம்மவனுக்கு ரெண்டாந்தாரம்னதும் நாலு பேரு நாலு விதமா பேசத்தான் செய்வாவ. அதான் கையோட கொண்டாந்தேன். வாசிச்சுப் பாருங்கம்மா. உங்க மவன் எழுதுனதுதான்."

கோமதியம்மாளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். 'ஸ்டவ் வெடித்து இளம்பெண் பரிதாபச் சாவு' என்ற தலைப்பை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்து முடித்து, மகனைப் பார்த்தாள். மாட்டுங்கா லேபர் கேம்ப்பின் அந்த ஒற்றை அறையில், சங்கரநாராயணன் தன் செய்தியை யாரோ எழுதியது போலக் குனிந்து படித்தான். விக்ரோலி. பேச்சித்தாய், வயது இருபத்திரண்டு. சமைத்துக்கொண்டிருந்தபோது.

"வரதட்சணைன்னு ஒரு பைசா வேண்டாம்" என்றார் தங்கபாண்டி. "பையன் வேலைக்குப் போய்வர ஒரு ஸ்கூட்டர். அம்புட்டுதான்."

கோமதியம்மாளின் முகம் மலர்ந்தது. இருபத்தொன்பது வயது மகளுக்கு இதைவிட மலிவாக மாப்பிள்ளை எங்கே கிடைப்பான்? அடுப்படித் திரைக்குப் பின்னால் காப்பி ஆற்றிக்கொண்டிருந்த ருக்குவின் கைதான் நின்றுவிட்டது. அந்த நான்கு வரிகளை எழுதியவன் அண்ணன். ஒவ்வொரு எழுத்தாக எடுத்து அச்சுக் கோர்த்தவள் அவள்.

இருவருக்கும் ஒரே தமிழ் நாளிதழில் வேலை. அண்ணன் குற்றச் செய்தி நிருபர். தினமும் மாலை ஆறு மணிக்கு டெலிபோனைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, போலீஸ் ஸ்டேஷன்களுக்கு வரிசையாகச் சுழற்றுவான். அங்கே ஹவல்தார் டைரியைப் பார்த்து மராத்தியில் வாசிப்பார். இங்கே அது தமிழாகிவிடும். கொலை, கொள்ளை என்றால் நாலு கேள்வி கேட்பான். ஸ்டவ் என்றால் பெயர், வயது, பேட்டை போதும். மருமகள் சமைக்கும்போது மட்டும் வெடிக்கிற ஸ்டவ், மாமியார் கை பட்டால் ஏன் அடங்கிக் கிடக்கிறது என்று எந்த ஹவல்தாரும் சொன்னதில்லை, அவனும் கேட்டதில்லை. மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை தேவைப்பட்டதால், அந்தத் தலைப்பை மட்டும் அச்சானதும் தனித்தனி ஈய எழுத்தாகப் பிரித்துப் போடாமல், நூலால் இறுக்கிக் கட்டி, கம்போசிங் அறை மூலையில் ஒரு தகட்டில் வைத்திருந்தார்கள். கட்டி வைத்தவளும் ருக்குதான். வேலை மிச்சம் என்று ஆசிரியர் அன்று அவளைப் பாராட்டினார்.

தங்கபாண்டி போனதும் அவள் வெளியே வந்தாள்.

"அண்ணே, நீ போய்ப் பாத்தியா?"

"எங்க?"

"அந்தப் புள்ள செத்த வீட்டுக்கு."

"ஒவ்வொரு சாவுக்கும் நேர்ல போனா பேப்பர் எப்பிடிளா வரும்? போலீஸே நேர்ல பாத்து விபத்துன்னு பஞ்சநாமா எழுதி முடிச்சாச்சு."

"அன்னைக்குப் பேப்பர். இன்னைக்கு நான்லா போவணும் அந்த வீட்டுக்கு."

பேச்சித்தாயைப் பெற்ற சீனியம்மாள் தாராவியில், தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால் இருக்கிறாள் என்று விசாரித்து அறிய அரைமணி நேரம் ஆனது. நாலு மாதமாக அந்த அரைமணி நேரம்தான் சங்கரநாராயணனுக்குக் கிடைக்காமல் இருந்தது.

சீனியம்மாள் இருவரையும் உட்காரச் சொல்லி, ஸ்டவ்வில் டீக்குத் தண்ணீர் வைத்தாள்.

"பேப்பர்லேர்ந்து வந்த மொத ஆளு நீங்கதான்யா" என்றாள். "சம்பந்தி வீட்டுல மொறையில ஒரு கொறையும் வைக்கல. புள்ள பெறாம செத்துட்டா சீர்ச் சாமானைத் திருப்பணும்லா? கொடம், அண்டா, கட்டிலு, இந்த ஸ்டவ்வு, ஒண்ணு விடாம டெம்போல ஏத்தி அனுப்புனாவ. எம்புள்ளதான் வரல."

ருக்கு ஸ்டவ்வையே பார்த்துக்கொண்டிருந்தாள். பம்ப் அடிக்கிற ஸ்டவ் அல்ல. பத்துத் திரி போட்ட சாதா ஸ்டவ். காற்றே அடைக்காத ஒன்று எப்படி வெடிக்கும்? அதன் நீலப் பெயின்ட்கூட உரியவில்லை.

"அந்த வீட்ல வேற ஸ்டவ் இருந்துச்சா?" என்று கேட்டான் சங்கரநாராயணன். நிருபராகி ஏழு வருடத்தில் ஸ்டவ்வைப் பற்றி அவன் கேட்ட முதல் கேள்வி அது.

"இது ஒண்ணுதான். நான் குடுத்தது. ஸ்கூட்டர் கேட்டாவ, அதுதான் குடுக்க முடியல." அவள் கிளாஸை நீட்டினாள். "குடிங்க. வெடிச்ச ஸ்டவ்வுல போட்ட டீ."

மறுநாள் அவன் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போனான். ஆசிரியர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"போலீஸ் விபத்துன்னு சொல்லியாச்சு. நாமளும் விபத்துன்னு போட்டாச்சு. இப்ப கொலைன்னு போட்டா, அன்னைக்குப் போட்டது பொய்னு ஆகும். பத்திரிகைன்னா ஒரு நம்பகத்தன்மை வேணும், சங்கரா."

நம்பகத்தன்மையைக் காப்பாற்ற இரண்டு பக்கமும் மேஜை இழுப்பறைக்குள் போயின. சங்கரநாராயணனுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் மாலை ஆறு மணிக்கு டெலிபோனை இழுத்துக்கொண்டான்.

ருக்கு இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். "அவரு பேப்பரைக் காட்டுதாரு, நீ ஸ்டவ்வைக் காட்டுத. ஊரு எதைளா நம்பும்?" என்று கோமதியம்மாள் அழுதாள். அவள் கேட்டதிலும் தப்பில்லை. பத்தே நாளில் தங்கபாண்டி செம்பூரில் வேறொரு வீட்டுத் தாம்பாளத்தில் அதே துண்டை வைத்தார். பெண் வீட்டார் படித்துத் திருப்தி அடைந்தார்களாம்.

அந்தச் சேதி வந்த மாலையே டெலிபோனில் இன்னொன்று வந்தது. டிராம்பே. கல்யாணமாகிப் பதினோரு மாதம். சங்கரநாராயணன் துண்டுச் சீட்டோடு கம்போசிங் அறைக்கு வந்தான்.

"மூணு வரிதான் ருக்கு. தலைப்புதான் கட்டியே இருக்கே."

"இல்ல. பிரிச்சுட்டேன்."

மூலையில் தகடு காலியாக இருந்தது. ஒவ்வொரு எழுத்தும் அச்செழுத்துப் பெட்டியில் அதனதன் குழிக்குப் போய்விட்டிருந்தது. நேரமாகிறது என்று உள்ளேயிருந்து ஆசிரியர் சத்தம் போட்டார்.

"சட்டுனு கோத்துடு. அஞ்சு நிமிசம்தான?"

"அஞ்சு நிமிசம்தான்." ருக்கு எழுத்துக் கோர்க்கும் ஸ்டிக்கை வெறுமனே கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். "அது என்ன ஸ்டவ்வுன்னு போய்ப் பாத்துட்டு வா. வந்து சொல்லு, கோக்கேன். அதுவரைக்கும் அந்த எடம் காலியா கெடக்கட்டும்."

அவன் டெலிபோன் இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தான். பிறகு சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு டிராம்பே பஸ்ஸைப் பிடிக்கப் போனான்.

மறுநாள் பேப்பரில் மூன்றாம் பக்கத்தில் நாலு விரல் அகலத்துக்கு வெறும் வெள்ளை. அதற்கு அடுத்த நாள், இடம் காலியாக வந்ததற்காக ஆசிரியர் வாசகர்களிடம் வருத்தம் தெரிவித்தார். அந்தப் பத்திரிகை வருத்தம் தெரிவித்தது அதுதான் முதல் தடவை.