வலி தொடங்கிய நேரம்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. பொய்யின் நீளம் மூன்று மணி நேரம்.

சேலத்தில் ஒரு மருத்துவக் கல்லூரியின் இதய அறுவைத் துறையில் ஓர் ஆய்வு நடக்கிறது. இதயத்திலிருந்து கிளம்பும் பெருநாடி கிழிந்து அங்கே வந்தவர்கள் நாற்பத்தொரு பேர். அந்தப் பட்டியலில் என் மனைவி சௌமியா இருபத்து மூன்றாவது வரி. வயது இருபத்தெட்டு. படிவத்தில் ஒரு கேள்வி: வலி தொடங்கிய நேரம். போனில் கேட்டார்கள். மாலை நாலரை என்றேன்.

மதியம் ஒன்றரை.

நான் ஜவ்வரிசி ஆலை ஒன்றில் ஆய்வக வேலை பார்க்கிறேன். மாவின் ஈரப்பதத்தை அளந்து எழுதுவேன். ஓர் எண் சந்தேகமாக இருந்தால் மறுபடி சோதிப்பேன். [இந்த விவரம் கதைக்குத் தேவையா என்று தெரியவில்லை. உங்களை நம்ப வைக்கத்தான் எழுதுகிறேன் என்று தோன்றினால் அடித்துவிடுங்கள்.]

2

முதல் தொடக்கம்: ஆட்டையாம்பட்டியில் அன்று உச்சி வெயில்

நிறுத்திவிட்டேன். வெயிலைச் சொன்னால் மணி தெரிந்துவிடும்.

இரண்டாவது தொடக்கம்: சௌமியா ஈரத்துணி வாளியுடன் மாடிப்படி ஏறினாள். எட்டாவது படியில்

எத்தனையாவது படி என்று எனக்குத் தெரியாது. நான் கீழே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது தொடக்கம்: அவன் காலாகப் பிறந்தவன்.

இது நிற்கிறது. இதை எழுதாமல் இருக்கத்தான் மற்ற இரண்டையும் எழுதினேன்.

தலைக்குப் பதிலாகக் கால் முதலில் வெளியே வந்து பிறந்த குழந்தையை எங்கள் பக்கம் அப்படிச் சொல்வார்கள். முதுகு பிடித்துக்கொண்டால் அந்த ஆளைத் தேடி வருவார்கள். குப்புறப் படுப்பார்கள். வலது காலால் மூன்று மிதி. பிடிப்பு விட்டுவிடும் என்பது நம்பிக்கை. ஆறு வயதிலிருந்து நான் மிதித்திருக்கிறேன். தறி ஓட்டுகிறவர்கள், லாரிக்காரர்கள், ஒருமுறை என் கணக்கு வாத்தியார். எம்.எஸ்சி. முடித்த பிறகு வெட்கமாக இருந்தது. வருகிறவர்களுக்கு வெட்கமில்லை. மிதித்தேன்.

3

அவள் படியிறங்கி வந்து சுவரைப் பிடித்து நின்றாள்.

"ஏனுங்க, முதுகு புடிச்சுக்கிச்சுங்க. நடுவுல. வெட்டுனாப்புல."

"வாளியத் தூக்காதேன்னா கேக்கறயா? இரு, தைலம் தேய்க்கறேன்."

"தைலம் ஆரு வேணாலும் தேய்ப்பாங்க. காலாப் பொறந்த மாப்பிள்ளைன்னு எங்கப்பன் ஊரெல்லாம் பெருமை பேசுனாருல்ல? கட்டிக்கிட்டு மூணு வருசமாச்சு, எனக்கு ஒரு நாளாச்சும் மிதிச்சீங்களா? ஊருக்கு மட்டுந்தான் வைத்தியமா?"

"உன்னை மிதிச்சா உங்கப்பன் என்னை மிதிப்பாரு."

"நான் சொல்லமாட்டேன். மிதிங்க."

சிரித்தாள். சிரித்தபோது முகத்தில் வேர்வை இருந்தது. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே படுத்தாள். நான் வலது காலால் மூன்று முறை மிதித்தேன். மெதுவாகத்தான்.

["மெதுவாகத்தான்" என்ற சொல்லை நான்கு வரைவுகளில் சேர்த்தும் நீக்கியும் பார்த்துவிட்டேன். இப்போது இருக்கிறது.]

"பரவால்லையாட்ட இருக்குதுங்க" என்றாள். கொஞ்சம் படுக்கிறேன் என்றாள். நானும் படுத்தேன். தூங்கிவிட்டேன்.

மூன்றரைக்கு அவள் எழுப்பினாள். "இடது காலு மரத்துப் போச்சுங்க. தூக்க வரலை." உதடு வெளுத்திருந்தது.

பக்கத்து கிளினிக்கில் நாடி பார்த்தார்கள். ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து, எங்கும் நிற்காமல் சேலத்துக்குப் போகச் சொன்னார்கள். ஐந்து பத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். ஸ்கேன் எடுத்தார்கள். அறுவை அரங்கைத் தயார் செய்தார்கள். அரங்கின் கதவு வரைக்கும் அவள் போனாள்.

4

பெருநாடியின் சுவர் மூன்று அடுக்கு. உள் அடுக்கு கிழிந்தால் ரத்தம் அடுக்குகளுக்கு நடுவே புகுந்து பிரித்துக்கொண்டே போகும். கால் வரைக்கும் போகலாம். திரும்பி இதயத்துக்கும் வரலாம். அறுவை செய்யாத ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். இவை எல்லாம் பிறகு படித்தவை. அன்று தெரிந்தது புடிப்பு என்ற சொல் மட்டும்.

மருத்துவமனை வராந்தாவில் மாமனார் சடையன் ஓடி வந்தார். "எப்பங்க மாப்பிள்ளை ஆரம்பிச்சுது?"

"இப்பத்தான் மாமா. நாலரை இருக்கும்."

அவ்வளவுதான். சாவுக்கு வந்தவர்களிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்: "வலின்னு சொன்ன முக்கா மணி நேரத்துல சேலத்துல சேத்திட்டாருங்க. எம் மாப்பிள்ளை மேல ஒரு குத்தம் சொல்ல முடியாது." என் தோளில் கை வைத்துக்கொண்டுதான் சொன்னார். இருபது நாள் கழித்து ஆய்வுக்காக போன் வந்தபோதும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். போனில் பேசியவர் கௌசியா, அந்தத் துறையில் மேற்படிப்பு படிக்கும் டாக்டர். கேட்டார். நாலரை என்றேன்.

5

மறுவாரம் கௌசியா திரும்ப அழைத்தார்.

"சார், ஒரு சின்ன சந்தேகம். கிளினிக் சீட்டுல நேரம் மூணு அம்பதுன்னு போட்டிருக்கு. நீங்க வலி நாலரைக்குன்னு சொல்றீங்க. வலி வர்றதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட போயிட்டீங்களா?"

கேலியில்லை. உண்மையாகவே குழம்பியிருந்தார். பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

அன்று ஒரு வரைவு எழுதினேன். அதில் ஒரு பெண் வலி வருவதற்கு நாற்பது நிமிடம் முன்பே கிளினிக்குக்குப் போகிறாள். "இனிமேல் வலிக்கும், இப்போதே பாருங்கள்" என்கிறாள். சேலத்துக்கு அனுப்புகிறார்கள். பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகிறாள். நல்ல கதை. அவள் பிழைத்துவிடுகிறாள். கிழித்துப் போட்டேன்.

இன்னொன்றில் கணவனைத் தலை வழியாகப் பிறக்க வைத்தேன். யாரும் அவனைத் தேடி வரவில்லை. அவள் முதுகு பிடித்தது என்கிறாள். அவன் தைலம் தேய்க்கிறான். தூங்குகிறான். மூன்றரைக்கு எழுப்புகிறாள். ஐந்து பத்து. ஸ்கேன். கதவு.

இதுவும் அங்கேதான் போய் நிற்கிறது. இதைப் படித்து எனக்கு ஆறுதல் வந்தது. அந்த ஆறுதலை எழுதியவனும் நானே என்பது பிறகுதான் உறைத்தது.

6

[இங்கே ஒரு பாத்திரத்தைப் பற்றி என் சந்தேகம். எதிர்வீட்டு தீர்த்தகிரி கதைக்குப் பொருத்தமாக வந்து சேர்ந்தவர்போல் இருக்கிறார். நான் புனைந்திருந்தால் இன்னும் கொஞ்சம் தள்ளி வர வைத்திருப்பேன்.]

தீர்த்தகிரி லாரி ஓட்டுகிறவர். சௌமியா இறந்த நாற்பத்தைந்தாம் நாள் காலையில் இடுப்பைப் பிடித்தபடி உள்ளே வந்தார். கேட்கக்கூட இல்லை. கூடத்தில் குப்புறப் படுத்தார். அவள் படுத்த அதே இடம்.

"மூணு மிதி உடு சாமி. பத்து மணிக்கு நாமக்கல்லுல லோடு ஏத்தோணும்."

என் கால் எழவில்லை.

"எப்ப ஆரம்பிச்சுதுங்க?" என்றேன்.

"முந்தாநேத்து. டயரு மாத்தறப்ப."

"நெஞ்சுல இருந்து முதுகுக்குப் போச்சுங்களா? கிழிக்கறாப்புல இருந்துதா? காலு மரக்குதா?"

அவர் தலையை மட்டும் திருப்பிப் பார்த்தார். "என்ன சாமி, டாக்டராட்ட கேக்கறே? மிதிக்கறதுக்கு எதுக்கு இத்தனை கேள்வி? வெளக்கெண்ணெய்க்குச் சீட்டு எழுதித் தருவியா?"

எழுப்பி, வண்டியில் உட்கார வைத்து, கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் திட்டினார். எல்லாம் பார்த்தார்கள். வெறும் பிடிப்பு.

"காசு குடுத்து புடிப்புன்னு எழுதி வாங்கியாந்தோம்" என்றார். "உங்கால்ல என்ன முள்ளா குத்துது? ஒரு மிதில போயிருக்கும்."

பிறகு என் முகத்தைப் பார்த்தார். வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.

7

அன்று மதியம் கௌசியாவை அழைத்தேன்.

"நாலரை இல்லைங்க மேடம். ஒன்றரை."

"சரிங்க சார்." எழுதும் சத்தம் கேட்டது. வேறு எதுவும் கேட்கவில்லை. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"இன்னொண்ணு. நான் காலாப் பொறந்தவன். அவ முதுகை மூணு தடவை மிதிச்சேன். அதனாலதான் கிழிசல் பெருசாச்சா?"

தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "இந்தப் படிவத்துல அதுக்குக் கட்டம் இல்லைங்க சார்" என்றார். "உங்க ஒருத்தர வெச்சு நான் எதுவும் சொல்ல முடியாது. சொன்னா அது பொய்யாயிடும்."

பொய் என்ற சொல்லை அவர் தெரிந்து சொல்லவில்லை.

"ஆனா எங்க நன்னிமாவும், எங்கம்மாவோட அம்மா, முதுகு புடிச்சா உருவி விடுவாங்க சார். சேலம் டவுன்லயே. படிவம் தயார் பண்றப்ப எனக்கு இது எப்படித் தோணாம போச்சு?" அவர் குரல் மாறியிருந்தது. "ஒரு கட்டம் சேர்க்கலாம். கமிட்டில அனுமதி வாங்கணும். அப்புறம் எல்லா வீட்டுக்கும் மறுபடி பேசணும்."

8

ஆறு வாரம் ஆனது. அதற்குள் இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். ஒன்றில், அனுமதி கிடைக்கவில்லை. மற்றதில், எல்லா வீட்டிலும் கேட்கிறார். நாற்பத்தொரு பேரில் மிதிபட்டவள் சௌமியா ஒருத்திதான். இரண்டாவதைத்தான் நம்பினேன்.

நேற்று அழைத்தார்.

"முப்பத்தேழு வீட்டுல பேச முடிஞ்சுது சார். பதினோரு வீட்டுல மிதிச்சிருக்காங்க, இல்லைன்னா உருவி விட்டிருக்காங்க."

பதினொன்று என்று செய்தித்தாளின் ஓரத்தில் எழுதினேன்.

"கேள்வியைக் கேட்டதும் ரெண்டு பேரு போனை வெச்சுட்டாங்க. அவங்களையும் சேர்த்தா பதிமூணுன்னு எனக்குத் தோணுது. அப்படி எழுதக்கூடாது. ஜலகண்டாபுரத்துல ஒரு அம்மா, 'இதை ஆராச்சும் கேப்பாங்கன்னு ரெண்டு வருசமா போனைப் பக்கத்துலயே வெச்சிருந்தேன் கண்ணு'ன்னாங்க. அவங்க பையனுக்கு அவங்களே மிதிச்சிருக்காங்க. போன தடவை சொன்ன நேரத்தையும் மாத்திச் சொன்னாங்க இப்ப."

"எத்தனை பேரு நேரத்தை மாத்திச் சொன்னாங்க?"

"உங்களோட சேர்த்து ஏழு பேரு."

அதன் கீழே ஏழு என்று எழுதினேன்.

"நீங்க கேட்ட கேள்விக்கு வரேன் சார். பதினோரு பேரு ரொம்பக் குறைவு. இதை வெச்சு அடிச்சுச் சொல்ல முடியாது, அதை மனசுல வெச்சுக்கங்க. அந்தப் பதினோரு பேர்ல பிழைச்சவங்க

9

கௌசியா வாக்கியத்தை முழுதாகச் சொன்னார். நானும் கேட்டேன். இங்கே எழுதப் போவதில்லை.

ஒன்று என்று நீங்கள் எழுதலாம். அப்போது நான் ஒரு மாதிரி ஆள். ஒன்பது என்றும் எழுதலாம். அப்போது வேறு மாதிரி ஆள். எந்த எண்ணை எழுதினாலும், எழுதிய பின் உங்கள் மனம் என்னைப் பற்றி என்ன நினைக்கிறது என்று பாருங்கள். எனக்கு அது ஆறு வாரமாக நடந்தது.

[முடிவு இது இல்லை என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன்.]

வாசலில் மொபெட் நிற்கும் சத்தம். மாமனார் சடையன். ஞாயிறுதோறும் வருகிறார். கதவைத் திறந்ததும் என் தோளில் கை வைப்பார்.

மேலே விட்ட இடத்தை நீங்கள் நிரப்புங்கள். நான் கதவைத் திறந்து சொல்ல வேண்டிய எண் வேறு.

ஒன்றரை.