நாற்பத்தோராம் பக்கத்தின் குறுக்களவு

கயிறு விறைத்து நிற்கிறது, மூலைக்கு மூலை குறுக்கே, ஒரு முனை என் கையில், மறுமுனை இருளப்பன் கொத்தனார் கையில், முதல் குறுக்குக்குப் போட்ட முடிச்சு இந்தக் குறுக்கில் முளைக்குச்சியை எட்டாமல் ஒரு சாண் தள்ளியே நிற்கிறது, கொத்தனாரே, நாலு பக்கமும் அளவு சரிதான், ஆனா மூலை இழுத்திருக்குல்லா என்கிறேன், அப்போது எனக்கு முப்பது வயது, அ எது ஆ எது என்று தெரியாது, சாந்துச்சட்டி சுமந்து உச்சிமுடி தேய்ந்த சித்தாள், வீட்டுக்காரர் தாணுமூர்த்தி சார் கல்லூரியில் கணக்கு நடத்துகிறவர், குடையோடு வந்து நின்று, உனக்கு எதுக்கும்மா இதெல்லாம், போய் சாந்தைக் குழை என்றார், எல்லாரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன், அந்தச் சிரிப்புத்தான் இன்னும் தொண்டையில் கிடக்கிறது, மறுநாள் பார்த்தால் அவரே கயிறு பிடித்துக் கொத்தனாரைத் திட்டிக்கொண்டிருக்கிறார், கூடத்து மூலை திருந்திவிட்டது, அடுத்த வாரம் அவருடைய வாசிப்பறைக்கு அளவுநூல் கட்டினார்கள், சார் அன்றைக்கு வரவில்லை, சின்ன அறைதானே என்று கொத்தனார் நாலு பக்கத்தை மட்டும் அளந்தார், குறுக்கே பிடிக்கவில்லை, நாலு விரற்கடை கோணல், என் கண்ணுக்குத் தெரிந்தது, வாய் திறக்கவில்லை, சட்டி சட்டியாகச் சாந்து எடுத்துக் கொடுத்தேன், கோணல் வளர்ந்து வளர்ந்து கூரையைத் தொட்டது.

இடுப்பு ஒடிந்து வேலைக்குப் போக முடியாத ஐம்பத்திரண்டாம் வயதில் எழுத்துக் கூட்டப் பழகுகிறேன், முதியோர் கல்வி வகுப்பு டீச்சர் ஒரு புத்தகம் தருகிறாள், எல்லாருக்கும் புரிகிற கணக்கு என்று அட்டையில் போட்டிருக்கிறது, எழுதியவர் பெயரைக் கூட்டினால் தாணுமூர்த்தி, என் வாசிப்பறையில் அமர்ந்து எழுதியது என்று முன்னுரை, நாற்பத்தோராம் பக்கம் படிக்க மூன்று நாள் ஆனது, வீடு கட்டும்போது மூலை கோணியதை நானே குறுக்களவு பிடித்துக் கண்டேன், கூலியாட்கள் வேடிக்கை பார்த்தார்கள், எறும்புக்குத் தெரிந்த கணக்குத்தான் அவர்களுக்கும், நாலாம் நாளும் படித்தேன், எறும்பு அங்கேயே இருந்தது, கடைசிப் பக்கத்தில் பதிப்பகத்தார், பிழை கண்டால் எழுதுங்கள், அடுத்த பதிப்பில் திருத்துவோம் என்று போட்டிருந்தார்கள், எழுதினேன், பக்கம் நாற்பத்தொன்று, கண்டது அவர் இல்லை, நான், நம்பாவிட்டால் அவர் வாசிப்பறையை அளந்து பாருங்கள்.

பதிப்பாசிரியர் எஸ்தர் டேப்போடு வந்து என்னையும் சார் வீட்டுக்குக் கூட்டிப்போனாள், சாருக்கு எண்பது நெருங்குகிறது, அறை மூலையில் அலமாரி சுவரோடு ஒட்டாமல் நிற்கிறது, தச்சன் கெடுத்துட்டான் என்கிறார், நீங்களே ஒரு முனையப் பிடிங்க சார் என்கிறேன், ஒரு குறுக்கு அளந்தாயிற்று, மறு குறுக்கு அதோடு ஒத்துவரவில்லை, எஸ்தர் எண்ணைப் பார்த்துவிட்டு, அடுத்த பதிப்புல உங்க பேரு வரும்மா என்கிறாள், பேரைப் போடுங்க, இந்த அறை விஷயம் மட்டும் வேண்டாமே என்கிறார் சார், அதுவும் வரணும், படத்தோட என்கிறேன், அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா என்கிறார் சார், எறும்புக்கு என்ன சார் தெரியும் என்கிறேன்.

டேப் விறைத்து நிற்கிறது, மூலைக்கு மூலை குறுக்கே, ஒரு முனை என் கையில், மறுமுனை அவர் கையில், எஸ்தர் எழுதி முடித்துவிட்டாள், அவர் முனையை விடலாமா என்பதுபோல் என்னைப் பார்க்கிறார், இன்னும் கொஞ்சம் பிடிங்க சார், எண்ணு சரியாத் தெரியல என்கிறேன், எனக்கு நன்றாகவே தெரிகிறது.