முன்சில்லில் பூசிய எண்ணெய்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கரையோர மகளிர் சங்கத்தின் மண்டபத்தில் ஆறு பேர் இருந்தார்கள். தலைவி மார்கிறட் மேசைக்குப் பின்னால், கைபிடி வைத்த ஒரே கதிரையில் இருந்தார். அவருக்கு வலப்பக்கத்தில் செயலாளர் சிவதர்சினி கோடு போட்ட தாள்களையும் இரண்டு பேனைகளையும் முன்னே வைத்துக்கொண்டு இருந்தாள். தண்ணீரூற்றிலிருந்து வந்த கமக்காரர் பாலன் வாசலை ஒட்டிய பிளாஸ்டிக் கதிரையைப் பிடித்துக்கொண்டார். வயலுக்கு வெட்டுமெசின் வருகிற நாள், நேரத்தோடு போகவேண்டும் என்று வரும்போதே சொல்லிவிட்டார். கடற்றொழிலாளி யாகப்பு கதிரை வேண்டாமென்று மீன்பெட்டியொன்றைக் கவிழ்த்துப்போட்டு அதில் இருந்தார். அவருடைய மருமகள் நிரோஜா சுவரோரத்து மரவாங்கில், கட்டுப்போட்ட முழங்காலை நீட்டியபடி இருந்தாள். ஆறாவது ஆளான சுதாகரன் எதிலும் இருக்கவில்லை. ஒட்டுசுட்டானில் கராஜ் வைத்திருக்கும் அவன், விறாந்தையில் தாங்கி போட்டு நிறுத்திய மின்சார மோட்டார் சைக்கிளின் முன்சில்லுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். கதவு அகலத் திறந்து கிடந்ததால் அவன் எல்லோருடைய கண்ணிலும் பட்டான்.

விசயம் அந்தச் சைக்கிளின் பிறேக்.

மீன் விற்கும் பெண்களுக்கென்று வவுனியாவிலுள்ள ஒரு நிறுவனம் சங்கத்துக்கு மூன்று மின்சாரச் சைக்கிள்கள் தந்திருந்தது. ஒன்று நிரோஜாவுக்கு. போன வெள்ளிக்கிழமை அதில் அவள் விழுந்துவிட்டாள். செய்தி நிறுவனத்துக்குப் போக, மறுநாளே பதில் வந்தது: காரணத்தை ஆராய்ந்து ஒரு வாரத்துக்குள் எழுதுங்கள். வண்டியில் பிழை என்றால் மூன்றையும் திருப்பி எடுப்போம். ஓட்டுபவர் தானே வண்டியைப் பழுதாக்கியிருந்தால் அது பட்டியலில் அடுத்து நிற்பவருக்குப் போகும். வேறு காரணமென்றால் சங்கத்தின் சிபார்சுப்படி செய்வோம்.

அடுத்து நிற்பவள் பிரேமிளா. அவள் சனிக்கிழமையே வந்து சைக்கிளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இருக்கை கொஞ்சம் உயரம் என்ன?" என்று கேட்டுவிட்டுப் போயிருந்தாள். நிரோஜாவுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அந்தச் சைக்கிள் வருமுன் அவள் தலையில் பெட்டியோடு பஸ்ஸுக்கு நின்றவள். மீன் மணக்குது என்று ஏற்றாமல் போன பஸ்களின் எண்ணிக்கை அவளுக்குத்தான் தெரியும்.

"முதல்ல நடந்ததைச் சொல்லு பிள்ளை," என்றார் மார்கிறட். "சிவதர்சினி, ஒழுங்கா எழுது."

நிரோஜா சொன்னாள். கிறிஸ்தவர்களின் தபசுகாலத்து வெள்ளி. வேதக்கார வீடுகளில் இறைச்சி இல்லை. அதனால் மீனுக்கு நல்ல கேள்வி. பெட்டி நிறையச் சூடையும் பாரையும். தண்ணீரூற்றில் வெள்ளிக்கிழமை ஒருவரும் மீன் வாங்கமாட்டார்கள், சைவம். ஆகவே அங்கே நிற்காமல் ஒட்டுசுட்டான் பக்கத்து வீடுகளுக்கு விறுவிறென்று போனாள். பாலன் வீட்டுக்கு முன்னால் ஒரு கன்று குறுக்கே பாய்ந்தது. முன்பிறேக்கை இறுக்கிப் பிடித்தாள். பிடி கைக்குள் வந்தது, வண்டி நிற்கவில்லை. பின்பிறேக்கை மிதித்தாள். பின்சில்லு வழுக்கியது. தெருவோரம் காயப்போட்டிருந்த நெல்லுக்குள் போய் விழுந்தாள்.

"அவ மட்டுமில்லை, பெட்டியும் விழுந்தது," என்றார் பாலன். "கோயில் பொங்கலுக்கெண்டு புறம்பாக் காயவிட்ட நெல்லு. இப்ப அது சூடை நெல்லு. மனுசி அதைப் பொங்கவும் விடுறாவில்லை, விக்கவும் விடுறாவில்லை. எங்கட வீட்டுப் பூனை மட்டும் நெல்லுச்சாக்கை விட்டு எழும்புதில்லை."

"தெரு நெல்லுக் காயப்போடவோ கட்டினது?" என்றார் யாகப்பு.

"உங்கட வலையை நீங்கள் தெருவில காயப்போடுறேல்லையோ?"

"வலையில ஆரும் வழுக்கி விழுந்தவையே?"

"ரண்டு பேரும் பொறுங்கோ," என்றார் மார்கிறட். "கேள்வி நெல்லு இல்லை. பிறேக் ஏன் பிடிக்கேல்லை எண்டதுதான்."

"கொம்பனிக்காரன்ர பிழை," என்றார் யாகப்பு. அதை அவர் அன்று காலையிலிருந்து நாலாவது தடவையாகச் சொன்னார். "நாப்பது வருசமா எஞ்சினோட சீவிக்கிறன். இது சத்தமும் இல்லை, புகையும் இல்லை. இப்பிடி ஒரு எஞ்சின் இருக்குமே?"

அவர் பேச்சுக்குக் கரையில் மதிப்பிருந்தது. கடலில் எவருடைய எஞ்சின் நின்றாலும் முதலில் தேடுவது யாகப்புவைத்தான். நிரோஜாவின் புருசனான அவர் மகனும் அவருடைய படகில்தான் தொழிலுக்குப் போகிறான். ஆனால் அவர் சொன்னதை அப்படியே எழுதினால் மூன்று சைக்கிள்களும் போய்விடும் என்பதை நிரோஜா அறிவாள். மார்கிறட்டும் அறிவார். ஆகவே அவர் வாசலைப் பார்த்து, "தம்பி, நீர் என்ன சொல்லுறீர்?" என்று கேட்டார்.

சுதாகரன் அவசரப்படாதவன். சில்லைக் கையால் சுழற்றினான். பிடியை அமர்த்தினான். பிறேக் எண்ணெய்க் குப்பியின் மட்டத்தைப் பார்த்தான். பிறகுதான் வாயைத் திறந்தான்.

"அக்கா, முந்திச் சத்தம் வந்ததோ?"

"வந்தது. கீச்சிட்டுக் கத்தும். ஹோர்ன் அடிக்கத் தேவையில்லை. சத்தத்தைக் கேட்டுச் சனம் சட்டியோட வாசல் படலையடிக்கு வந்திடும்."

"எப்ப நிண்டது?"

நிரோஜா யோசித்தாள். "புதன். இல்லை, வியாழன் காலமை எடுக்கேக்க சத்தம் இல்லை. தானா நிண்டிட்டுது எண்டு சந்தோசப்பட்டனான்."

"தானா நிக்காது," என்றான் சுதாகரன். "இந்தச் சைக்கிளில அக்சிலேற்றரை விட்டவுடன மோட்டரே வண்டியை இழுத்துப் பிடிக்கும். அதால பிறேக்குக்கு வேலை குறைவு. உரசாத தட்டு, கடற்கரை உப்புக்காத்து. துருப்பிடிச்சுக் கறள் படியும். கறள்தான் கத்தினது. அது கத்தினாலும் பிடிச்சிருக்கும். நாலு தரம் நல்லா அமத்தியிருந்தா கறளும் போயிருக்கும். ஆனா இப்ப பிடிக்காததுக்குக் காரணம் வேற."

சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்து முன்சில்லின் பிறேக் தட்டை ஒரு சுற்றுத் துடைத்தான். உள்ளே வந்து துணியை மேசையில் விரித்தான். மண்ணிறத்தில் பளபளவென்று ஒரு வளையம்.

"எண்ணெய். ரண்டு பக்கமும். வடிவா, இடம் விடாமல் ஆரோ பூசியிருக்கினம். தானாப் பட்ட எண்ணெய் இப்பிடி இராது."

சிவதர்சினியின் பேனை நின்றது. பாலன் கதிரையை ஓரடி உள்ளே இழுத்தார். வெட்டுமெசின் அவருக்கு மறந்துவிட்டது.

மணம் வாங்கு வரைக்கும் வந்தது. நிரோஜாவுக்கு அது புதிய மணமில்லை. வீட்டோடு சாய்த்து இறக்கிய பத்தியில், சைக்கிளுக்குப் பக்கத்தில், படகு எஞ்சின் மரச்சட்டத்தில் தொங்கும். கரைக்கு வந்ததும் அதை நல்ல தண்ணீரில் கழுவி, தகரக் கானிலுள்ள எண்ணெயைப் பழைய சாரத்துண்டால் பூசி வைப்பது மாமாவின் வழக்கம். எஞ்சினுக்கு மட்டுமில்லை. கத்தி, நங்கூரம், படலைக் கொளுக்கி, அலுமாரிப் பூட்டு, எந்த இரும்பும் அந்தத் துண்டுக்குத் தப்பாது. எண்ணெய் காணாத இரும்பைக் கடல் தின்னும் என்பார். புதன் பின்னேரம் அவர் பத்தியில் நெடுநேரம் குந்தியிருந்தது அவளுக்கு இப்போது ஞாபகம் வந்தது. அதற்கு முதல்நாள்தான் கரையில் எவனோ, "யாகப்பர், உங்கட மருமகள் பண்டிக்குட்டி வளக்கிறாவோ, தெருவெல்லாம் கத்துது," என்று கேட்டிருந்தான்.

அவள் மாமாவைப் பார்த்தாள். அவர் துணியைப் பார்க்கவில்லை. பாலனுக்குக் கொம்பனிக்காரர் செய்யும் சுத்துமாத்துகளைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஆர் பூசினது?" என்றார் மார்கிறட்.

"நான்தான்," என்றாள் நிரோஜா.

ஏன் அப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. கரை முழுவதும் எஞ்சினுக்குக் கூப்பிடுகிற மனிதரை, நெல்லுக்காரர் ஒருவருக்கு முன்னால், இரும்பு விசயம் தெரியாதவராக்க நாக்கு மறுத்துவிட்டது.

"நிரோஜாக்கா, அப்பிடி எழுதினா..." என்றாள் சிவதர்சினி, குரலைத் தாழ்த்தி. "ஓட்டுறவை தானே பழுதாக்கினதெண்டு வரும். பிரேமிளாக்காட்டப் போயிடும்."

"தெரியும். நீர் எழுதும்."

மார்கிறட் அவளை நன்றாகப் பார்த்தார். "என்ன எண்ணெய் பூசினனீ?"

"தேங்காயெண்ணெய்."

"தேங்காயெண்ணெயோ!" யாகப்பு பெட்டியை விட்டு எழும்பிவிட்டார். எண்ணெய் விசயத்தில் பிழையான கதையை அவரால் பொறுக்க முடியாது. மேசைக்கு வந்து துணியை எடுத்தார். "விசர்க்கதை கதையாதை பிள்ளை. தேங்காயெண்ணெய் இந்த நிறமே? இது எஞ்சினுக்குப் பெற்றோலோட கலக்கிற எண்ணெய். மூக்கு அடைச்சவனுக்கும் தெரியும். இது என்ர கானில இருக்கிற..."

அவ்வளவுதான். துணி அவர் கையில் இருந்தது. அதை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் இன்னொரு தரம் மணந்து பார்த்தார்.

"தம்பி," என்றார் கடைசியில், சுதாகரனைப் பார்த்து. "இந்தத் தட்டுக்கு எண்ணெய் போடுறேல்லையோ?"

"போடுறேல்லை ஐயா. உரசினாத்தான் நிக்கும். எண்ணெய் உரசவிடாது."

"எல்லா இரும்புக்கும் போடுறதுதானே."

"இது ஒண்டுதான் எண்ணெய் ஆகாத இரும்பு."

யாகப்பு துணியை நாலாக மடித்தார். "கத்துது, சனம் சிரிக்குது, கறளும் பிடிக்குது எண்டு பூசினனான். புதன்கிழமை. வியாழனும் ஒருக்காப் பூசினனான். அவளுக்குச் சொல்லேல்லை. இதென்ன பெரிய காரியமே எண்டு விட்டிட்டன்." பிறகு மருமகளிடம் திரும்பினார். "உனக்கு எண்ணெய்க்கான் எங்க இருக்கெண்டே தெரியாது. பொய் சொல்லுறதெண்டாலும் விசயம் தெரிஞ்சு சொல்லவேணும்."

"பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை," என்றார் பாலன். ஆனால் அதை மெதுவாகத்தான் சொன்னார்.

"எழுது பிள்ளை," என்றார் யாகப்பு. "கொம்பனிக்காரனுமில்லை, இவளுமில்லை. யாகப்பு பூசினவன் எண்டு முழுப்பேரும் போட்டு எழுது."

அதற்குப் பிறகு வேலை இரண்டு பக்கமாக நடந்தது. உள்ளே கடிதம், வெளியே பிறேக். சுதாகரன் தட்டைக் கழற்றி, சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, பிறகு கழுவும் திரவம் விசிறி, வெள்ளைத்துணி வெள்ளையாகவே வரும் வரைக்கும் துடைத்தான். சாண்ட் பேப்பரால் மேலோட்டமாக உரஞ்சினான். பழைய பிறேக் கட்டைகளை அவன் எறியப் போக, யாகப்பு தடுத்தார்.

"நெருப்பில வாட்டினா எண்ணெய் கக்காதோ? எஞ்சின் பிளக்கை அப்பிடித்தான் செய்யிறனாங்கள்."

"கட்டை எண்ணெயைக் குடிச்சிட்டுது ஐயா. குடிச்சதைக் கக்காது. புதுசு கொண்டந்திருக்கிறன்."

யாகப்பு புதுக்கட்டைகளைத் தொட முன்னர் தன் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக்கொண்டார். அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

"உடன பாரம் ஏத்தவேண்டாம் அக்கா," என்றான் சுதாகரன் பூட்டி முடித்ததும். "முப்பது தரம் ஓடி, மெல்ல மெல்லப் பிடிச்சு வேகத்தைக் குறையுங்கோ. கட்டை தட்டோட பழகவேணும். பிறகு ஒருக்கா இறுக்கிப் பாருங்கோ."

சங்கத்துக்கும் கடற்கரைக்கும் இடையிலுள்ள ஒழுங்கையில் நிரோஜா போய் வந்தாள். முழங்கால் நொந்தது. உள்ளேயிருந்து சிவதர்சினி எண்ணினாள். அந்த எண்ணிக்கையும் கடிதத்தில் வரவேண்டுமென்று மார்கிறட் சொல்லியிருந்தார். முதல் ஆறு தடவை பிறேக் அரைகுறையாகப் பிடித்தது. பதினைந்துக்குப் பிறகு கைக்கு உறுதி தெரிந்தது. முப்பது முடிந்தபோது யாகப்பு ஒழுங்கையின் நடுவில் போய் நின்றார்.

"தம்பி இறுக்கிப் பார்க்கவேணுமெண்டவன். என்னில வந்து பார்."

"மாமா, விலகுங்கோ."

"நான் பூசின எண்ணெய். நானே நிக்கிறன். வா."

"இந்த ஐயாவும் விழுந்தா என்ர நெல்லில விழுத்தாதேங்கோ," என்று விறாந்தையிலிருந்து பாலன் கத்தினார்.

அவள் வேகம் எடுத்தாள். குறித்த இடத்தில் பிடியை இறுக்கினாள். ஒரு சத்தமுமில்லை. முன்சில்லு மாமாவின் காலுக்கு இரண்டு முழம் முன்னே நின்றது. யாகப்பு இமைக்கவில்லை, ஆனால் சாரத்தை ஒருதரம் அவிழ்த்துக் கட்டினார்.

கடிதம் ஒன்றரைப் பக்கம் வந்தது. நடந்தது, கண்டது, செய்தது என்று மூன்று பகுதி. வண்டியின் அமைப்பில் பிழையில்லை, ஓட்டுபவரின் கவனக்குறைவுமில்லை, இரும்புக்கு எண்ணெய் பூசிவைக்கும் கரையோர வழக்கத்தின்படி வீட்டார் ஒருவர் அறியாமற் செய்தது. இனி அவர் அந்த வண்டியை நல்ல தண்ணீரில் மட்டும் கழுவுவார். பிறேக் தட்டுக்கு எண்ணெய் ஆகாதென்று ஒரு வரி தமிழில் எழுதி மூன்று வண்டிகளிலும் ஒட்டித் தரும்படி வேண்டுகிறோம். வண்டி நிரோஜாவிடமே இருக்க வேண்டுமென்று சங்கம் சிபார்சு செய்கிறது.

மார்கிறட் ஒப்பமிட்டார். யாகப்பு கண்ணாடி இல்லாமல் தாளை எட்டப் பிடித்து வாசித்து, "அறியாமல்" என்ற சொல்லில் கொஞ்சம் நின்று, பின் ஒப்பமிட்டார். முறைப்பாடு எதுவும் இல்லையென்று பாலனும் எழுதிக்கொடுத்தார்.

"ஒரு கதை," என்றார் பேனையை மூடிக்கொண்டு. "சத்தம் நிண்டதால நீ வாறது இனித் தெரியாது. எங்கட படலையடியில ஹோர்ன் அடி. வெள்ளி தவிர."

சங்கத்துப் பசைப்போத்தல் காய்ந்து கிடந்தது. சிவதர்சினி சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து இரண்டு சோற்றுப் பருக்கையை எடுத்து, கடிதவுறையின் வாயில் நசித்துத் தேய்த்து ஒட்டினாள். பதிவுத் தபாலில் போட வேண்டுமென்றார் மார்கிறட். நிரோஜா சைக்கிளைத் திருப்பி நிறுத்தினாள்.

"ஏறுங்கோ மாமா."

யாகப்பு கடிதத்தைச் சட்டைப் பைக்குள் வைத்து, அதன்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு பின்னால் ஏறினார். தபாற்கந்தோர் வாசலில் அவள் பிறேக்கைப் பிடித்தாள். வண்டி படிக்கு நேரே நின்றது. அவர் இறங்கி உள்ளே போய்க் கடிதத்தை யன்னலால் நீட்டினார். உள்ளேயிருந்தவர் தராசில் நிறுத்துப் பார்த்து, முத்திரை ஒட்டி, ஓங்கி ஒரு குத்துக் குத்தி, வவுனியாவுக்குப் போகும் பைக்குள் போட்டார்.