ஸ்வீப்பர் இல்லாத வரிசை

தொண்ணூற்றேழாம் வருஷத்துக் கால்பந்து லீக் முடிந்தபோது, வஜ்ரா மெஷின்ஸ் அணி வாங்கியிருந்த கோல்களைப் பற்றிப் பேச யாருக்கும் வாய் வரவில்லை. கீழ் டிவிஷனுக்கு இறங்காமல் தப்பியதே பெரிய காரியமாக இருந்தது. ஆனேக்கல் ரோட்டில் தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த மைதானத்தில், புதிதாக வந்த கோச் சுந்தரமூர்த்தி ஆட்டக்காரர்களைப் புல்லில் உட்காரவைத்தார். வேலூர்க்காரர். சுற்றிவளைத்துப் பேசத் தெரியாதவர்.

"அடுத்த சீசன்ல நம்ம டீம்ல ஸ்வீப்பர் கிடையாது. பின்னாடி நாலு பேர், ஒரே லைன்ல. ஏறினா நாலு பேரும் ஏறணும். இறங்கினா நாலு பேரும் இறங்கணும்."

கோல்கீப்பர் இளங்கோவன் திரும்பி ஓஸ்வால்டைப் பார்த்தான். மற்றவர்களும் பார்த்தார்கள். ஏனென்றால் ஸ்வீப்பர் என்றால் ஓஸ்வால்ட்தான். மற்ற தடுப்பாட்டக்காரர்கள் ஆளுக்கொரு எதிரியைப் பிடித்துக்கொண்டு ஓட, அவர்களுக்கெல்லாம் பின்னால், கோலுக்குச் சற்று முன்னால் தனியாக நின்று, தப்பி வரும் பந்தையெல்லாம் கூட்டித் தள்ளுகிறவன். அணியின் கேப்டனும் அவன்தான். சிவாஜிநகரில் பிறந்து, சர்ச்சுக்குப் பின்னாலிருந்த மண் மைதானத்தில் ஆடி வளர்ந்தவன். முப்பத்திரண்டு வயதில் வேகம் கொஞ்சம் குறைந்திருந்தது. ஆனால் பந்து எங்கே வந்து விழும் என்பது அவனுக்கு எப்படியோ முன்பே தெரிந்துவிடும்.

ஓஸ்வால்ட் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து, மறுபடி கட்டினான்.

"அப்ப நடுவுல யாரு சார்?" என்று யாரோ கேட்டார்கள்.

"நரேஷ்."

ஒக்கலிபுரத்திலிருந்து வரும் நரேஷுக்கு இருபத்திரண்டு வயது. குதிரை மாதிரி ஓடுவான். தன் பெயரைக் கேட்டதும் தப்பு செய்தவன்போலத் தலையைக் குனிந்துகொண்டான்.

இளங்கோவன் ஓஸ்வால்டுக்காக வருத்தப்பட்டான், உண்மைதான். ஆனால் பயம் தன்னைப் பற்றியது. அவனுக்குச் சின்ன வயதிலிருந்து திக்குவாய். பந்தைப் பிடிப்பதில் அந்த ஊரில் அவனுக்கு நிகராக ஒருவரோ இருவரோ இருந்தால் அதிகம். ஆனால் கோல்கீப்பர் கத்த வேண்டும். யார் எங்கே நிற்க வேண்டும், யார் எவனைப் பிடிக்க வேண்டும் என்று ஆட்டம் முழுக்கத் தொண்டை கிழியக் கத்த வேண்டும். ஏழெட்டு வருஷமாக அந்த வேலையை ஓஸ்வால்ட் செய்துகொண்டிருந்தான். இளங்கோவன் கையைக் காட்டுவான். கழுத்தை லேசாகத் திருப்பி அதைப் பார்த்துவிட்டு ஓஸ்வால்ட் கத்துவான். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது ஓஸ்வால்டின் மூளை என்று தோன்றும். பாதி இளங்கோவனுடையது என்று ஓஸ்வால்ட் மட்டும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பான்.

இனிமேல் நடுவில் ஓஸ்வால்ட் இல்லை. நால்வர் வரிசை மைதானத்தின் பாதிவரை ஏறிப்போய் நிற்கும். எதிரணி பந்தை உதைப்பதற்குச் சற்று முன், சரியான நொடியில் நால்வரும் சேர்ந்து முன்னே போனால், எதிரணி ஃபார்வர்ட் அவர்களுக்குப் பின்னால் தனியே மாட்டிக்கொள்வான். லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கி ஆஃப்சைடு கொடுத்துவிடுவார்; அவன் கோல் அடித்தாலும் செல்லாது. நாலில் ஒருவன் தாமதித்தாலும் கோல்தான். அந்த நொடியைச் சொல்ல வேண்டியவன் எல்லோருக்கும் பின்னால் நிற்கிற கீப்பர்.

மறுநாள் கோச்சிடம் போய் நின்றான். "சார், வி... வி... விக்கிய போட்டுக்குங்க." விக்கி இரண்டாவது கீப்பர். சத்தம் போட்டால் தொழிற்சாலை கேட்டுவரை கேட்கும்.

சுந்தரமூர்த்தி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "விக்கிக்கு வாய் இருக்கு. கண்ணு இல்ல. எனக்குக் கண்ணு வேணும். போய் கிளவுஸ் மாட்டு."

அன்றைய பயிற்சியில் ஓஸ்வால்ட் என்ன செய்யப்போகிறான் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். ஸ்போர்ட்ஸ் செக்ரட்டரி சந்திரனுக்கு அவன்மேல் தனிப் பிரியம். ஒரு வார்த்தை சொன்னால் போதும், கோச் வேலூருக்கு பஸ் ஏற வேண்டியதுதான். ஓஸ்வால்ட் சந்திரனின் அறைப்பக்கம் போகவில்லை. நேராக எதிர்ப்பக்கத்து அணியின் சட்டையை வாங்கி மாட்டிக்கொண்டு வந்தான்.

"சார், நான் ஃபார்வர்டா ஆடுறேன். உங்க லைன உடைச்சுப் பாக்குறேன். தாங்குதான்னு தெரியணும்ல?"

உடைத்தான். முதல் நாளே அந்த வரிசை பொரித்த அப்பளம்போல நொறுங்கியது. நரேஷ் ஏறும்போது இடதுபக்கத்தான் நின்றான்; இடதுபக்கத்தான் ஏறும்போது நரேஷ் பயந்து பின்வாங்கினான். இருவருக்கும் நடுவில் ஓஸ்வால்ட் சாவகாசமாக நுழைந்து கோல் அடித்தான். ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் நரேஷிடம் போய், தான் வந்த வழியை மண்ணில் காலால் கோடு போட்டுக் காட்டினான். தன் இடத்தைப் பிடித்தவனுக்கு யாராவது இப்படிச் சொல்லிக்கொடுப்பார்களா என்று மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இளங்கோவன் மட்டும் ஒருநாள் நேரடியாகவே கேட்டுவிட்டான். குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார்கள். "உ... உனக்குக் கோவமே வரலியா?"

"வராம என்ன மச்சா? தினம் காலைல எழுந்தா, இன்னிக்கு அந்தாளு பஸ்ஸ விட்டுடணும் கர்த்தரேன்னு வேண்டிக்கிறேன்." ஓஸ்வால்ட் சட்டையால் முகத்தைத் துடைத்தான். "ஆனா அவர் சொல்றது சரி. போன வருஷம் எவ்ளோ கோல் என் தலைக்கு மேல போச்சு, நீதான பொறுக்கினே? என்னால திரும்பி ஓட முடியல. அது எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். அவர் ஒருத்தர்தான் வாயத் தொறந்து சொன்னாரு."



வரிசை ஒழுங்குக்கு வந்தது ஒரு கோபத்தில்தான். ஒருநாள் ஓஸ்வால்ட் மறுபடியும் அதே இடைவெளியில் நழுவப் பார்த்தான். நரேஷ் மரம்போல நின்றான். இளங்கோவனுக்கு வந்த ஆத்திரத்தில் வார்த்தையைத் தேட நேரமில்லை. அடிவயிற்றிலிருந்து "ஹேய்!" என்று ஒரு சத்தம் வெடித்தது. நரேஷ் திடுக்கிட்டு முன்னே பாய்ந்தான். மற்ற மூவரும் பாய்ந்தார்கள். பந்து வந்தபோது ஓஸ்வால்ட் நால்வருக்கும் பின்னால் தன்னந்தனியாக நின்றான். கோச் விசிலை ஊதினார். ஆஃப்சைடு.

ஓஸ்வால்ட் இடுப்பில் கை வைத்துச் சிரித்தான். "அதான்டா! தமிழா, கன்னடமா, எவன் கேட்டான்? சத்தம் வந்துச்சா, போதும்!"

மூச்சோடு கிளம்புகிற அந்த ஒலி இளங்கோவனுக்குத் தொண்டையில் சிக்கவே இல்லை. அதையே வைத்துக்கொண்டார்கள். 'ஹேய்' என்றால் ஏறு. 'ஹோ' என்றால் இறங்கு. மழைக்காலம் முடிவதற்குள் ஓஸ்வால்டுக்கு ஒரு கோல் அடிக்கவே மூச்சு முட்டியது.

புது சீசனின் முதல் ஆட்டம் அசோக்நகர் ஸ்டேடியத்தில். கேலரி நிறைந்திருந்தது. ஓஸ்வால்ட் மாற்று ஆட்டக்காரர்களோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். இளங்கோவன் முதல் முறை "ஹேய்" என்று கத்தியதும் கோலுக்குப் பின்னாலிருந்த ஒரு கூட்டம் அப்படியே திருப்பிக் கத்தியது. "மாடு மேய்க்கிறான் பாருடா!" என்று ஒருவன் சொல்ல, கேலரி சிரித்தது. இளங்கோவன் பள்ளிக்கூடத்தில் வாசிக்க எழுந்து நின்றபோது கேட்ட அதே சிரிப்பு. அதற்குப் பிறகு அவன் வாயைத் திறக்கவில்லை. சத்தம் வராததால் நால்வரும் பழைய பழக்கத்தில் பின்னே பின்னே இறங்கினார்கள். மூன்று கோல்.

அன்று மாலையே சந்திரன் தன் அறைக்கு எல்லாரையும் கூப்பிட்டார். மேலிடத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது.

"சாக்குய்யா, போதும், இந்தப் புது வித்தை எல்லாம் போதும்," என்றார் பாதிக் கன்னடத்தில். "ஓஸ்வால்ட், அடுத்த மேட்ச் நீ பழைய எடத்துல நில்லு. மூர்த்தி சார், நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க."

சுந்தரமூர்த்தி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஓஸ்வால்ட் எழுந்தான். "வேணாம் சார்."

"என்ன வேணாம்? உன் எடத்த உனக்கே குடுக்கிறேன்யா!"

"இன்னிக்கு மூணு கோலும் எப்படி விழுந்துச்சு தெரியுமா சார்? பசங்க பயந்து பின்னாடி ஓடினாங்க. பின்னாடி நான் இருப்பேன்னு ஓடினாங்க. நான் இல்ல. இப்ப நான் போய் நின்னா, அவங்க வாழ்நாள் பூரா பின்னாடிதான் ஓடுவாங்க. நான் எத்தினி நாளு நிப்பேன்? இந்த வருஷமா, அடுத்த வருஷமா?"

அப்போது இளங்கோவன் எழுந்தான். அந்த அறையில் அவன் பேசி யாரும் கேட்டதில்லை.

"சா... சா... சார்." கண்ணை மூடித் திறந்தான். "அவங்க மே... மேல தப்பில்ல. நா... நான் கூ... கூ..."

வார்த்தை நின்றுவிட்டது. நரேஷ் அவனுக்காக அதை முடிக்க வாயெடுத்தான். ஓஸ்வால்ட் அவன் தோளில் கை வைத்து அமுக்கினான். எல்லோரும் காத்திருந்தார்கள். மின்விசிறி கடகடத்தது.

"...கூப்பிடல. சி... சிரிச்சாங்க. நிறுத்திட்டேன். இன்னொரு மே... மேட்ச் குடுங்க. நிறுத்த மாட்டேன்."

சந்திரன் ஓஸ்வால்டைப் பார்த்தார், கோச்சைப் பார்த்தார். பிறகு மேசைமேல் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தார். "ஒரு மேட்ச்," என்றார்.

அந்த ஒரு மேட்ச் போன வருஷத்து சாம்பியன்களோடு. கேலரியில் அதே கூட்டம் வந்து உட்கார்ந்திருந்தது. இளங்கோவன் கத்தினான், அவர்களும் கத்தினார்கள். முகம் சிவந்தாலும் அவன் மறுபடி கத்தினான். பாதி ஆட்டத்துக்குள் சாம்பியன்களின் ஃபார்வர்டுகள் திரும்பத் திரும்பக் கொடியில் மாட்டி, லைன்ஸ்மேனிடம் சண்டைக்குப் போனார்கள். ஒருமுறை பந்து வரிசையைத் தாண்டி வந்தது. இளங்கோவன் பெனால்டி கட்டத்தைவிட்டு வெளியே ஓடிப்போய்த் தலையால் முட்டி வெளியே தள்ளினான். கீப்பர் இவ்வளவு தூரம் ஓடி வந்து அந்த மைதானத்தில் யாரும் பார்த்ததில்லை. கோலுக்குப் பின்னாலிருந்த கூட்டம் இப்போதும் 'ஹேய்' என்று கத்தியது. ஆனால் அதில் கேலி இல்லை. அவனோடு சேர்ந்து கத்திக்கொண்டிருந்தார்கள்.

ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. இரு பக்கமும் கோல் இல்லை. கெண்டைக்கால் பிடித்துக்கொண்டதில் நரேஷ் கீழே சாய்ந்தான். எழுந்திருக்க முடியவில்லை. சுந்தரமூர்த்தி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்.

"ஓஸ்வால்ட். நரேஷ் எடத்துல. லைன்ல."

"தெரியும் சார்," என்றபடி அவன் ஓடினான்.

இளங்கோவன் அவன் முதுகைப் பார்த்தான். இத்தனை வருஷமும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த முதுகு. இன்று வெகு தூரத்தில், நால்வரில் ஒன்றாக நின்றது. ஒருமுறைகூட அது திரும்பவில்லை.

கடைசி நிமிஷத்தில் சாம்பியன்களின் நடு ஆட்டக்காரன் பந்தை நிறுத்தித் தலையைத் தூக்கினான். அவர்களுடைய வேகமான ஃபார்வர்ட் ஓஸ்வால்டின் தோளோரமாகக் கிளம்பத் தயாராக நின்றான். இப்படிப்பட்ட பந்துக்குப் பத்துப் பன்னிரண்டு வருஷமாகப் பின்னால் ஓடியே பழகிய கால்கள் ஓஸ்வால்டுடையவை. இப்போது அவன் பின்னால் ஓடினால் அந்த ஃபார்வர்ட் ஆஃப்சைடு ஆக மாட்டான். வேகத்திலும் அவனை முந்திவிடுவான். அது ஓஸ்வால்டுக்கும் தெரியும். ஆனால் கால்களுக்கு அது தெரியுமா?

"ஹேய்!"

ஓஸ்வால்ட் முன்னே போனான். யோசிக்கவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் எதிரி தனியாக ஓடுகிறான் என்று தெரிந்தே, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, மற்ற மூவரோடும் ஒரே கோட்டில் முன்னே போனான். பந்து அவன் தலைக்குமேல் பறந்தது. ஃபார்வர்ட் அதை வாங்கி வலைக்குள் அடித்துவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு திரும்பினான். ஓரத்தில் லைன்ஸ்மேன் தூக்கிப் பிடித்த கொடி ஆடாமல் நின்றது. ஆஃப்சைடு.

கோல் இல்லாமலே ஆட்டம் முடிந்து விசில் ஊதியதும் ஓஸ்வால்ட் முழங்காலில் கை ஊன்றிக் குனிந்துவிட்டான். இளங்கோவன் கோலிலிருந்து நடந்து அவன் பக்கத்தில் வந்தான்.

"கால் ரெண்டும் பின்னாடி போகணும்னு துடிச்சுது மச்சா," என்றான் ஓஸ்வால்ட், மூச்சு வாங்க. "சத்தியமா சொல்றேன், துடிச்சுது."

"அ... அப்புறம் ஏன் போகல?"

"நீ கூப்ட்டியே."

அதற்குள் நரேஷ் ஒற்றைக்காலில் நொண்டிக்கொண்டு இருவருக்கும் நடுவில் வந்து தோள்களைப் பிடித்துத் தொங்கினான். அவனை அப்படியே தாங்கிக்கொண்டு மூவரும் பெஞ்சை நோக்கி நடந்தார்கள்.